பதினோராவது ஓட்டு

1

என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். சிறுபான்மை அரசு என்றால் என்ன, அது எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதை வீட்டில் உள்ள ஒரு பெரியவருக்கு விளக்க வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்று எழுதிக்கொண்டும் வர வேண்டும். என் மனைவி மருத்துவமனையில் தாதி. அந்த வாரம் இரவுப் பணி என்பதால் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டுப் பெரியவர் பதவி எனக்கு வந்தது.

மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் தாரணி. பள்ளியில் டாரா. இப்போதெல்லாம் வீட்டிலும் டாரா என்று கூப்பிட்டால்தான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். பாதி ஆங்கிலத்திலும் பாதி அவளுடைய தமிழிலும் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"மெஜாரிட்டி இல்லாட்டியும் கவர்ன்மென்ட் இருக்கலாம்பா. நம்பிக்கை ஓட்டு வரும்போது தோக்கக் கூடாது, அவ்ளோதான்."

"மத்தவங்க சேந்து கவுக்காம இருக்கணும்."

"ஆமா. சில பேர் சப்போர்ட்டும் பண்ண மாட்டாங்க, எதிர்த்தும் போட மாட்டாங்க. எந்திரிச்சு வெளிய போய்டுவாங்க. அப்பவும் கவர்ன்மென்ட் தப்பிச்சிடும்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மாதிரி விஷயங்களில் கருத்துச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். "எதிர்க்கிறவன் பரவாயில்ல, ஆதரிக்கிறவனும் பரவாயில்ல. ஓட்டெடுப்பு நேரத்துல பாத்ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறான் பாரு, அவனைத்தான் ஜனங்க மொதல்ல வீட்டுக்கு அனுப்பணும்," என்றேன். தாரணி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

போன முறை இதே பக்கத்தில் கனடா நாடாளுமன்றத்தைப் பற்றி நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இங்கே ஓட்டெடுப்புக்கு முன்னால் உறுப்பினர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் பூட்டி வைப்பதில்லை என்றெல்லாம் பெருமையடித்திருந்தேன். ஊருக்குப் புத்தி சொல்லும் சுகம் அதில் இருந்தது. அந்த வீட்டுப்பாடத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை எழுதாமல் இன்னொரு முறை அப்படி எழுத முடியாது.

2

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, மொத்தம் பன்னிரண்டு வீடு. பெருமழை என்றால் தெருத்தண்ணீர் வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கும். வேளச்சேரிக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்று எங்களுக்கு நாங்களே ஆறுதல் சொல்லிக்கொள்வோம். இரண்டாம் மாடியில் உள்ள எங்கள் வீடு என் பெயரில் இருக்கிறது. அம்மா போன பிறகு அப்பா அங்கே தனியாக இருக்கிறார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முறை அவரை ஒட்டாவாவுக்கு அழைத்து வந்து பார்த்தேன். இரண்டு முறையும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துவிட்டு, "இங்க தெருவுல யாரும் நடக்கவே மாட்டாங்களாடா?" என்று கேட்டார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ரஹ்மத் அக்கா. முதல் மாடியில் இருக்கிறார். மார்க்கெட் பக்கம் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறார். பல தலைமுறையாக அந்த வட்டாரத்தில் இருக்கும் குடும்பம். வீட்டுக்குள் உருது, வாசலைத் தாண்டினால் அசல் மெட்ராஸ் தமிழ். ஒரு மழைக்காலத்தில் பழைய செயலாளர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அக்காதான் மோட்டார்க்காரனைப் பிடித்து வந்து, சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்ட தொட்டியை இறைத்துச் சுத்தம் செய்ய வைத்து, பன்னிரண்டு வீட்டுக்கும் கேன் தண்ணீர் ஏற்றினார். "இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். போட்டியும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை. யாருக்கும் வேண்டாத நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

ஒரு நாள் காலையில் அப்பா தலை சுற்றி விழுந்தபோதும் அக்காதான் ஆட்டோ பிடித்து அடையாறில் உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். நான் விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்குள் ஊசி போட்டு, இட்லி வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டாகிவிட்டது. "பயப்படாத நைனா, பெருசு நல்லா கீது" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன். அந்த நன்றி எனக்குள் இருந்தது. அதை நான் மறந்துபோய் இதெல்லாம் செய்யவில்லை.

போன வருடம் ஒரு கட்டுமான நிறுவனம் வந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு ஆறு மாடியாகக் கட்டித் தருகிறோம், எல்லாருக்கும் இப்போது இருப்பதைவிடப் பெரிய வீடு என்றார்கள். மூன்றாம் மாடி அண்ணாச்சிக்கு அதில் ரொம்ப ஆசை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக் கடை நடத்துகிறவர். கெட்டவர் அல்ல. அவர் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. லிஃப்ட் இல்லாத மூன்று மாடியில் அந்த அம்மாள் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

ரஹ்மத் அக்கா சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட மறுத்தார். இடித்துக் கட்டும்வரை குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள், அந்த வாடகையை யார் தருவார்கள் என்று எழுத்தில் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அதோடு குடியிருப்பு இரண்டாகப் பிரிந்தது. அக்கா பக்கம் ஐந்து வீடு, அண்ணாச்சி பக்கம் ஐந்து வீடு. ஒரு வீடு அண்ணன் தம்பி வழக்கில் பூட்டிக் கிடக்கிறது. சைதாப்பேட்டை கோர்ட்டில் தீர்ப்பு வரும்வரை அதற்கு ஓட்டு கிடையாது. மிச்சம் இருந்தது என் வீடு.

3

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கைப்பேசியில் ஊர்க் குழுவில் எந்தச் செய்தி வந்தாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் அந்த மஞ்சள் படத்தைப் போட்டுவிடுவோம். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரி, மொட்டை மாடியில் யாரோ உலர்த்திய வடாம், எல்லாவற்றுக்கும் கட்டைவிரல்தான். ஒரு முறை இறப்புச் செய்திக்கும் போட்டுவிட்டு அவசர அவசரமாக அழித்தேன். நானும் இருக்கிறேன், என்னை மறந்துவிடாதீர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

'எழுதிக் குடுக்காம கையெழுத்து இல்ல' என்று அக்கா குழுவில் போட்டபோது நான் பேருந்தில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டைவிரலைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி நீளமாக ஒன்று எழுதினார். பெரும்பான்மை இல்லாத ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குக் குறுக்கே நிற்பது என்ன நியாயம் என்று கேட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அதற்கும் கட்டைவிரலைப் போட்டேன்.

பழக்கதோஷம் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் அது பாதி உண்மைதான். அக்கா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி சொன்ன பெரிய வீடும் எனக்கு வேண்டியிருந்தது. தாரணி இன்னும் சில வருடங்களில் பல்கலைக்கழகம் போவாள், புது வீடாக இருந்தால் விற்க நல்லது என்று மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வீட்டை, அவர் இருக்கும்போதே மனசுக்குள் விற்றுக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அண்ணாச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, நீங்க நம்ம பக்கம்தான். குரூப்புல பாத்தேன்லா. நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒண்ணு கொண்டாரலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பாக்கலாம் அண்ணாச்சி," என்றேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். "நைனா, தீர்மானம் எடுத்துனு வர்றாங்கோ. அஞ்சும் அஞ்சும் சமமா கீது. நீ கீறேன்ற தைரியத்துலதான் நான் சும்மா கீறேன். இன்னா சொல்ற?"

"பாக்கலாம்கா," என்றேன்.

இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

4

சங்க விதிப்படி நேரில் வர முடியாத வீட்டுக்காரர் வேறு ஒருவருக்குத் தன் ஓட்டை எழுதிக் கொடுக்கலாம். அப்பாவுக்கு எழுதிக் கொடு என்று அக்கா அப்போதே சொன்னார். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதம் என்றால் முறையான சான்றொப்பம் வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதம் பிடித்தார்.

முன்பதிவு செய்து, அதைத் தரும் இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காது தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஒரு தாளில் ரகுநாதன், இன்னொரு தாளில் ரகுநாதன் சபாபதி, இவர்கள் இருவரும் யார் என்று கேட்டார்கள். சபாபதி என் அப்பா. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். வங்கியிலும் அலுவலகத்திலும் என்னை மிஸ்டர் சபாபதி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது பழகிவிட்டது. இரண்டும் நான்தான் என்று உறுதிமொழி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

மூன்றாவது முறை நான் போகவில்லை. பேப்பர் வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்று ஊரில் எல்லாரிடமும் அலுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அது வசதியாக இருந்தது. அப்பா கையில் அந்த ஓட்டு போயிருந்தால் அவர் கொஞ்சமும் யோசிக்காமல் அக்காவுக்காகக் கையைத் தூக்கியிருப்பார்.

கடைசியில், காணொலி அழைப்பில் வந்து வாயால் சொன்னால் போதும் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது. என் விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் அவ்வளவு நம்பிக்கை.

5

அங்கே ஞாயிறு மாலை. எங்களுக்குக் காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் நான் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் தாரணி அந்த வீட்டுப்பாடத்தை மடிக்கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள்.

குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அப்பா கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். படம் ஆடிக்கொண்டே இருந்தது. என் முகம் அவர்களுக்குத் தெரியாதபடி என் பக்கத்துப் படத்தை அணைத்து வைத்திருந்தேன். இப்போதுதான் எழுந்தேன், சட்டைகூடப் போடவில்லை என்று காரணம் சொன்னேன்.

அண்ணாச்சி எழுந்து பேசினார். "செயலாளரம்மா மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்ணும் கெடையாது. ஆனா பாதிக்கு மேல ஆளுக ஆதரவு இல்லாம ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து முடிவெடுக்கக் கூடாது. அதான் மொறை."

"பாதிக்கு மேல எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல," என்றார் அக்கா. "இருந்தா காட்டுங்க அண்ணாச்சி, நானே எந்திரிச்சிடறேன்."

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கினார்கள். ஐந்து. எதிர்ப்பவர்கள் தூக்கினார்கள். ஐந்து. பிறகு எல்லாரும் அப்பாவின் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்தார்கள். திரையில் அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன.

"ரகு," என்றார் அப்பா. "சொல்லுடா."

நான் பேசவில்லை. மூளை மட்டும் வேகமாக வேலை செய்தது. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் ஐந்துக்கு ஐந்து. தீர்மானம் தோற்கும், அக்கா நாற்காலியில் இருப்பார். 'உங்களைக் கவிழ்க்கவில்லையே' என்று அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். 'அவருக்கு ஓட்டுப் போடவில்லையே' என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் நான் கெட்டவன் இல்லை. அந்த நிமிஷத்தில் என் சாமர்த்தியத்தை எண்ணி எனக்குக் கொஞ்சம் திருப்திகூட வந்தது.

"ரகு, கேக்குதா?"

கேட்டது. பாலத்தின் மேல் ரயில் போகும் சத்தமும் கேட்டது. யாரோ இருமியதும் கேட்டது.

தாரணி தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, தாத்தா கூப்பிட்றாங்க."

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். தன் மடிக்கணினித் திரையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பெண். நான் அவளுக்குச் சைக்கிளும் நீச்சலும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அப்பா கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனார். திரை இருட்டாகிவிட்டது. பேத்தியின் குரலும் அவருக்குக் கேட்டிருக்கும், என் மூச்சும் கேட்டிருக்கும். சற்று நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை மடியில் இறக்கிவிட்டு எல்லாரிடமும் சொன்னார்.

"லைன் கட் ஆயிடுச்சு."

எனக்குத் தெரிந்து அப்பா பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அழைப்பை அவர் துண்டிக்கவில்லை. துண்டிக்கத் தெரியவில்லையோ, வேண்டுமென்றே விட்டாரோ, நான் கேட்டதில்லை. அவர் மடியில் கிடந்தபடி மிச்சத்தையும் கேட்டேன்.

"அப்ப அஞ்சுக்கு அஞ்சு. தீர்மானம் தோத்துடுச்சு. அக்காவே இருக்கட்டும்," என்றது ஒரு குரல். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"வாணாம்," என்றார் அக்கா. "அன்னிக்கி தண்ணி வந்தப்போ நீங்க பன்னெண்டு வூடும் சேந்து என்னை உக்கார வெச்சீங்கோ. லாரிக்காரன்கிட்ட, மோட்டார்க்காரன்கிட்ட நான் சண்டை போட்டதெல்லாம் அந்தத் தெம்புலதான். இப்போ ஒருத்தரு லைன் கட்டானதால நான் ஜெயிச்சிக்கினேன். இத வெச்சிக்கினு நான் யார வேலை வாங்கறது? நாளிக்கி மேல ஏறி வந்து சந்தா கேட்டா, நீ யாருன்னு கேப்பாங்கோ. கரீட்டா தான் கேப்பாங்கோ. இந்தாங்க அண்ணாச்சி, மோட்டார் ரூம் சாவி."

"அதுக்கில்லம்மா," என்றார் அண்ணாச்சி. ஜெயித்தவர் குரலாக அது இல்லை.

நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்கும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

6

தோற்காதவரை அரசு நிற்கும் என்றுதான் தாரணியின் பாடத்தில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி ரஹ்மத் அக்கா தோற்கவில்லை. அவரை யாரும் இறக்கவும் இல்லை. ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு முடிவாவது கிடைத்திருக்கும். எதிர்த்திருந்தால் என்னோடு சண்டை போட்டுவிட்டு அடுத்த முறை மறுபடி நின்றிருப்பார். நான் அவருக்குக் கொடுத்தது நிற்கவும் முடியாத, விழவும் முடியாத ஒரு நாற்காலி. அதில் உட்கார அவருக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு வரவேண்டிய வெட்கம் அது.

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லு நைனா. எப்படி கீற? பாப்பா நல்லா கீதா?"

"அக்கா, அன்னிக்கி மீட்டிங்ல…"

"லைன் கட் ஆயிடுச்சாமே. உங்கப்பா சொன்னாரு."

இல்லக்கா என்று அங்கே சொல்லியிருக்கலாம். அந்த வாரம் முழுக்க இதற்காக ஒத்திகை பார்த்திருந்தேன்.

"ஆமாக்கா," என்றேன்.

இயந்திரம் நின்றது. "செரி. பெரியவரு சொல்லி நான் நம்பாம இருப்பேனா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. "அவருக்கு வேற வூடு பாக்கறப்போ கீழ்த்தளம் வாணாம்னு சொல்லு. தண்ணி வரும். பிரஷர் மாத்திரைய மறந்துடறாரு. காலீல நான் ஒரு கொரல் குடுப்பேன். அங்க யாருனா பக்கத்துல கீறாங்களான்னு பாரு."

அண்ணாச்சி இப்போது செயலாளர். கட்டுமான நிறுவனத்தோடு கையெழுத்தாகிவிட்டது. வாடகையைப் பற்றி வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு வேளச்சேரியில் எட்டாம் மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், இங்கிருந்தபடியே, கைப்பேசியில். அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. தினமும் பேசுகிறோம். "அம்மா பீரோ லிஃப்டுக்குள்ள போகாதாம்டா, என்ன பண்ணட்டும்?" என்று நேற்றுக் கேட்டார். நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றேன். சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு முறை திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறேன்.

7

போன வாரம் தாரணி வகுப்பில் அந்த வீட்டுப்பாடத்தைப் பேசிக் காட்டினாள். நானாகக் கேட்டிருக்க மாட்டேன். மதிப்பெண் வந்த தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. நல்ல மதிப்பெண்.

"எதைப் பத்திப் பேசின?" என்றேன். பள்ளிப் பேருந்துக்காகக் குனிந்து பனிக்காலணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா ஃப்ளாட் பத்தி. எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. ரஹ்மத் ஆன்ட்டி ரிசைன் பண்ணது கரெக்டா தப்பான்னு கிளாஸ் ஃபுல்லா ஆர்கியூ பண்ணாங்க."

"நான் சொன்னது?"

"பாத்ரூம் பத்தியா? அதை எடுத்துட்டேன்."

அவள் பையை மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. அப்படியே விட்டிருக்கலாம். நான்தான் மறுபடி கேட்டேன். "டீச்சர் ஒண்ணும் கேக்கலையா?"

"அந்த லெவன்த் பர்சன் ஏன் ஓட்டுப் போடலன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

தாரணி என்னைப் பார்க்கவில்லை. பனியில் வந்து நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டே, அவள் தாத்தாவின் அதே குரலில் சொன்னாள்.

"லைன் கட் ஆயிடுச்சுன்னு சொன்னேன்பா."